இசைக்கருவியாக கேம் பாய்: எல்எஸ்டிஜேயும் அதற்கு வேண்டிய சால்டரிங் வேலைகளும்

1989-இல் நின்டெண்டோ வெளியிட்ட அந்தச் சாம்பல் நிற கேம் பாயை இன்றும் தேடி வாங்குகிறவர்களில் ஒரு சாரார் அதில் விளையாடுவதே இல்லை. பாட்டுப் போடுகிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி 2000-இல் எழுதிய லிட்டில் சவுண்ட் டிஜே, சுருக்கமாக எல்எஸ்டிஜே, அதற்குக் காரணம். கார்ட்ரிட்ஜில் ஏற்றிப் போட்டால் விளையாட்டுப் பெட்டி நான்கு குரல் உள்ள சீக்வென்ஸராக, அதாவது சுரங்களை வரிசையாக எழுதி ஓடவிடும் கருவியாக, மாறிவிடும். மென்பொருளையும் பெட்டியையும் பிரித்து மதிப்பிட முடியாது; இரண்டும் சேர்ந்ததுதான் கருவி. அதனால் இந்த மதிப்புரையும் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எல்எஸ்டிஜேக்கு முழு மதிப்பெண். பெட்டிக்கு, வாங்கியபடியே பயன்படுத்தினால், பாதிதான். மீதிப் பாதி நம் கையில் இருக்கும் சால்டரிங் அயர்னைப் பொறுத்தது. பெரும்பாலானோர் செய்யும் தவறு, கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் திரையை முதலில் மாற்றுவது. பாட்டுப் போடுகிறவருக்கு வரிசை வேறு: முதலில் மின்சாரம், அடுத்து ஒலி, அதற்கப்புறம்தான் வெளிச்சம்.

நான்கு குரல்களும் அவற்றின் எல்லையும்

இரண்டு பல்ஸ் சேனல்கள், ஒரு வேவ் சேனல், ஒரு நாய்ஸ் சேனல். பல்ஸ் சேனலின் அலை அகலம் 12.5, 25, 50, 75 சதவீதம் என நான்கே நிலைகள். இதில் 25-ம் 75-ம் காதுக்கு ஒன்றுதான். முதல் பல்ஸுக்கு மட்டும் வன்பொருளிலேயே ஸ்வீப், அதாவது சுருதியைத் தானாக வழுக்கவிடும் வசதி, உண்டு. வேவ் சேனலில் 4 பிட் அளவுள்ள 32 புள்ளிகளில் நீங்கள் வரைந்த அலை ஓடும். நாய்ஸ் சேனல் இரண்டு விதமாக இரையும்: நீண்ட சுற்று வைத்தால் வெறும் இரைச்சல், குறுகிய சுற்று வைத்தால் உலோகத்தைத் தட்டியது போன்ற ஒரு சுருதி. ஒவ்வொரு சேனலையும் இடது, வலது, இரண்டும் என்று மட்டுமே பிரிக்கலாம். நடுவில் எங்காவது நிறுத்துவது நடக்காது.

இந்த எல்லைகளில் இரண்டை மனதில் பதித்துக்கொண்டால் பல மணி நேரம் மிச்சம். பல்ஸ் சேனலின் அதிர்வெண், 131072-ஐ ஒரு முழு எண்ணால் வகுத்து வருவது. அந்த வகுக்கும் எண் 2048-க்கு மேல் போகாது என்பதால் 64 ஹெர்ட்ஸுக்குக் கீழே பல்ஸ் இறங்காது. வேவ் சேனல் அதில் பாதிக்கு, 32 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆகவே அடிநாதமான பேஸை வேவில் வைப்பது ரசனை சார்ந்த விஷயம் அல்ல, கணக்கு. மேலே போனால் வேறு சிக்கல். 440 ஹெர்ட்ஸ் கேட்டால் 298 என்ற எண் 439.8-ஐத் தரும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 3520 கேட்டால் 37 என்ற எண் 3542-ஐத் தரும். அது 11 சென்ட் (ஒரு சென்ட் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) அதிகம். அதற்கு மேலே இன்னும் மோசம். உச்ச ஸ்தாயியில் கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கும்போது சுருதி பிசகுகிறதே என்று பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். மெலடியை ஒரு ஆக்டேவ் இறக்கிப் போட்டால் சரியாகிவிடும்.

எல்எஸ்டிஜே கையில் எப்படி இருக்கிறது

சாங், செயின், ஃப்ரேஸ் என்று மூன்று அடுக்கு. 16 படிகள் கொண்டது ஒரு ஃப்ரேஸ். ஃப்ரேஸ்களைக் கோத்தால் செயின். செயின்களை நான்கு சேனல்களிலும் அடுக்கினால் பாட்டு. செலக்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு திசை விசையைத் தட்டினால் ஒரு திரையிலிருந்து அடுத்ததற்குப் போகலாம். ஏ-யை அழுத்திக்கொண்டு இடம் வலம் தட்டினால் மதிப்பு ஒவ்வொன்றாக மாறும். மேலே கீழே தட்டினால் பெரிய தாவல். இரண்டு நாள் பழகினால் கை தானாகப் போகும். எட்டே பொத்தான்களுக்குள் இவ்வளவு வேலையை அடக்கிய மென்பொருள் அபூர்வம். திரையைப் பார்க்காமலே வாசிக்கிறவர்கள் இருப்பது அதனால்தான்.

புதியவர்கள் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஒரே ஃப்ரேஸை மூன்று இடத்தில் போட்டுவிட்டு, மூன்றாவது இடத்தில் மட்டும் ஒரு சுரத்தை மாற்றுவார்கள். முதல் இரண்டு இடத்திலும் அது மாறிப்போகும். அவை மூன்று நகல்கள் அல்ல, ஒரே ஃப்ரேஸின் எண்ணை மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். மாற்ற வேண்டுமானால் முதலில் குளோன் செய்ய வேண்டும்: செலக்ட்டை அழுத்திக்கொண்டே பி (B), ஏ (A). செயினைக் குளோன் செய்யும்போது உள்ளிருக்கும் ஃப்ரேஸ்களும் புதிதாகப் பிரதி எடுக்கப்பட வேண்டுமா என்பதை ப்ராஜெக்ட் திரையில் தீர்மானிக்கலாம். தொடக்கத்தில் 'டீப்' என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேஸ்கள் சீக்கிரம் தீரும், ஆனால் உழைப்பு வீணாகாது.

வேவ் சேனல்தான் இந்த மென்பொருளின் உயிர். பேஸும் கிக்கும் ஒரே சேனலில் குடியிருக்க வேண்டும் என்பதால், இரண்டையும் ஒன்றன் இடைவெளியில் மற்றொன்றாகப் பின்னுவார்கள். ஒரு நல்ல தொடக்கம் இது. ஒரு வேவ் இன்ஸ்ட்ருமெண்ட் எடுத்து அதற்கு ஒரு டேபிள், அதாவது சுரம் ஒலிக்கும்போதே வரிவரியாக ஓடும் கமாண்டுகளின் (கட்டளைகளின்) பட்டியல், ஒதுக்குங்கள். டேபிளின் முதல் வரியில் பி (P) கமாண்ட், மதிப்பு ஈ0 (E0). இங்கே எண்கள் பதினாறின் அடிப்படையில், 9-க்குப் பின் ஏ முதல் எஃப் வரை. இது சுருதியை வேகமாகக் கீழே தள்ளும். எஃப்எஃப் என்றால் மெல்ல இறங்கும், 80-ஐ நோக்கிப் போகப் போக வேகம் கூடும். நாலைந்து வரி தள்ளி கே கமாண்ட் போட்டு ஒலியை வெட்டுங்கள். இதுதான் கிக். ஃப்ரேஸில் 0, 4, 8, சி ஆகிய படிகளில் இந்தக் கிக். 2, 6, ஏ, ஈ படிகளில் இன்னொரு இன்ஸ்ட்ருமெண்டில் பேஸ். கே-யை எவ்வளவு முன்னால் வைக்கிறீர்களோ அவ்வளவு இறுக்கமாகக் கிக் விழும். பி கமாண்டை ஃப்ரேஸிலேயே போடலாமே என்று தோன்றும். போடலாம், ஆனால் ஒரு படிக்கு ஒரு கமாண்ட்தான் என்பதால் அந்தக் கட்டம் வேறு எதற்கும் கிடைக்காமல் போய்விடும். டேபிளுக்குள் தள்ளினால் ஃப்ரேஸின் கமாண்ட் வரிசை சுத்தமாக இருக்கும்.

ஒரே சேனலில் கார்டு வேண்டுமா? சி கமாண்ட். சி37 என்றால் மைனர், சி47 என்றால் மேஜர். மூன்று சுரங்களையும் மிக வேகமாக மாற்றி மாற்றி ஒலிக்கும். கேம் பாய் இசை என்றதும் காதில் வரும் அந்தச் சலசலப்பு இதுதான். தாளத்தை ஆட வைக்க க்ரூவ் திரைக்குப் போங்கள். அங்கே 6, 6 என்று இருக்கும். ஒவ்வொரு படியும் ஆறு டிக் நீளம். 7, 5 என்று மாற்றினால் மென்மையான ஆட்டம். 8, 4 என்றால் நன்றாகவே நொண்டும். இரண்டும் சேர்ந்து 12 வரட்டும். வராவிட்டால் திரையில் எழுதியிருக்கும் டெம்போ ஒன்று, காதில் கேட்பது வேறு என்றாகிவிடும்.

சொந்த ஒலிகளை ஏற்ற, எல்எஸ்டிபேட்ச் என்ற கணினி மென்பொருள் உண்டு. ஒரு கிட்டில், அதாவது ஒலித் தொகுப்பில், 15 ஒலிகள் வரை. 4 பிட், நொடிக்கு 11,468 மாதிரிகள். ஒரு கிட் முழுவதற்கும் மூன்று நொடிக்குச் சற்றுக் குறைவான இடமே உண்டு. இந்த அளவில் மெல்லிய ஒலி எதுவும் பிழைக்காது. ஏற்றுவதற்கு முன் கணினியிலேயே ஒலியை உச்ச அளவுக்கு உயர்த்தி, ஆரம்ப மௌனத்தை முழுக்க வெட்டி, வால் பகுதியையும் நறுக்கிவிடுங்கள். ஒரு தட்டு, ஒரு கைதட்டல், ஓர் எழுத்து நீளக் குரல் ஆகியவை நன்றாக வரும். முழு வாக்கியம் வராது.

குறை என்று சொன்னால் ஒன்று. டேபிளும் கமாண்டும் அளவு மீறினால் திரையில் 'டூ பிஸி' என்று வரும், தாளம் தள்ளாடும். 4.19 மெகாஹெர்ட்ஸில் ஓடும் செயலிக்கு அதற்கு மேல் முடியவில்லை என்று பொருள். கேம் பாய் கலரில் செயலி இரட்டை வேகத்தில் ஓடும் என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

வாங்கியதும் செய்ய வேண்டியது

பழைய பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி அறை. ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், கம்பிச் சுருளை வெள்ளை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காய விடுங்கள். அடுத்தது மேலே இருக்கும் பவர் சுவிட்ச். அதை லேசாக ஆட்டும்போது சிவப்பு விளக்கு மங்கினாலோ பெட்டி மறுபடி தொடங்கினாலோ உள்ளே களிம்பு ஏறியிருக்கிறது. நிகழ்ச்சி நடுவே பாட்டு நின்றுபோவதற்கு முதல் காரணம் இதுதான், மென்பொருள் அல்ல. சுவிட்சின் இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு முப்பது நாற்பது முறை முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெட்டியைத் திறக்கச் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் ஆகாது. பின்பக்கம் ஆறு திருகுகள், மூன்று இறக்கை வடிவம். அவற்றில் இரண்டு பேட்டரி அறைக்குள் ஒளிந்திருக்கும். அந்த இரண்டை மறந்துவிட்டு மேல் ஓட்டை நெம்பி உடைத்தவர்கள் ஏராளம். கார்ட்ரிட்ஜைத் திறக்க வேறு ஒரு முனை, 3.8 மில்லிமீட்டர் கேம்பிட். ஓடு பிரிந்ததும் இழுக்காதீர்கள். முன்பலகையையும் பின்பலகையையும் ஒரு பட்டை வயர் இணைக்கிறது. அதை நேராக, இரண்டு ஓரத்தையும் ஒரே சமயத்தில் பிடித்து வெளியே எடுக்க வேண்டும்.

திரையில் செங்குத்தாகச் சில கோடுகள் செத்துப்போயிருந்தால் பயப்பட வேண்டாம், அதைச் சாக்கிட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள். திரைக்குக் கீழே இருக்கும் பட்டையின் ஒட்டு விட்டுப்போனதால் வருவது அது. அயர்னை மிதமான சூட்டில் வைத்து, அந்த ஒட்டின் மேல் மெதுவாக இடமிருந்து வலமாக இழுத்தால் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்தால் எந்த இடத்தில் உயிர் வருகிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பட்டை கருகும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கிடைமட்டக் கோடு செத்த திரையை மட்டும் வாங்காதீர்கள். பக்கவாட்டு இணைப்பு இந்த வைத்தியத்துக்கு எளிதில் மசியாது.

ப்ரோசவுண்ட்: முதலில் செய்ய வேண்டிய மாற்றம்

ஹெட்ஃபோன் துளையில் வரும் ஒலி, உள்ளே இருக்கும் சிறு பெருக்கி சிப்பைத் தாண்டி வருகிறது. அந்தச் சிப் காதில் மாட்டிக் கேட்கத் தயாரிக்கப்பட்டது. மிக்ஸருக்கு அனுப்பினால் பேஸ் மெலிந்து, பின்னால் ஒரு சீறலும் முனகலும் ஒட்டிக்கொண்டு வரும். ப்ரோசவுண்ட் என்பது எளிமையான யோசனை: பெருக்கிக்குப் போவதற்கு முன்பே, வால்யூம் சக்கரத்தின் கால்களிலிருந்து ஒலியை நேராக வெளியே எடுத்துவிடுவது. மூன்று வயர், இரண்டு ஆர்சிஏ துளைகள் அல்லது ஒரு 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ துளை. செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம்.

வால்யூம் பொட்டென்ஷியோமீட்டர் பின்பலகையின் ஓரத்தில், சக்கரத்துக்கு அடியில் இருக்கிறது, ஐந்து கால்கள். எது எது என்று படத்தைப் பார்த்து நம்புவதைவிட மல்டிமீட்டரால் கண்டுபிடிப்பது நல்லது. பேட்டரியை எடுத்துவிடுங்கள். ஒரு முனையைப் பேட்டரி அறையின் மைனஸ் முனையில் வைத்து, 'பீப்' அடிக்கும் காலைத் தேடுங்கள், அது கிரவுண்ட். மீதி நான்கில், சக்கரத்தைத் திருப்பும்போது கிரவுண்டுக்கான மின்தடை பெரிதாக மாறும் இரண்டு கால்கள் வெளியீடு. மாறாமல் நிற்கும் இரண்டு கால்கள் உள்ளீடு. நமக்கு வேண்டியது உள்ளீட்டுக் கால்கள். அங்கிருந்து எடுத்தால் வால்யூம் சக்கரம் எங்கிருந்தாலும் மிக்ஸருக்கு ஒரே அளவில் ஒலி போகும். பழைய சக்கரத்தின் கரகரப்பும் வராது. வெளியீட்டுக் காலில் எடுத்தால் சக்கரத்தாலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம், ஆனால் தேய்ந்த சக்கரம் உறுமும். மேடைக்கு உள்ளீடுதான் சரி.

கால்கள் நெருக்கமானவை. வயரின் நுனியை 2 மில்லிமீட்டருக்கு மேல் உரிக்காதீர்கள். நுனிக்கும் காலுக்கும் தனித்தனியே ஈயம் பூசிவிட்டு, பிறகு ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரு நொடி தொட்டால் போதும். நீண்ட நேரம் சூடு காட்டினால் சக்கரத்தின் உடல் இளகிப்போகும். மெல்லிய கவச வயர் பயன்படுத்துங்கள். கவசத்தை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் சேருங்கள். வயரைப் பெட்டிக்குள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். மின்சாரத்தை 5 வோல்ட்டாகவும், திரைக்கு எதிர் 19 வோல்ட்டாகவும் மாற்றும் ஒரு குட்டிப் பலகை தனியாகச் செங்குத்தாக நிற்கும். முனகலின் ஊற்று அதுதான். ஒலி வயரை அதன் பக்கமே கொண்டு போகாமல், கால்களிலிருந்து நேராகக் கீழ் ஓரத்துக்கு இறக்கிவிடுங்கள்.

ஓட்டில் துளையிடும்போது 3 மில்லிமீட்டரில் தொடங்கிப் படிப்படியாக அகலப்படுத்துங்கள். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் ஒரே அடியில் பெரிய பிட்டைத் தாங்காது. துளைக்கு முன் உள்ளே என்ன இருக்கிறது, ஓடு மூடும்போது ஆர்சிஏயின் வால் எதில் இடிக்கும் என்று பொருத்திப் பார்த்துவிடுங்கள். இன்னொரு வழி, இருக்கும் ஹெட்ஃபோன் துளையையே பயன்படுத்துவது: அதன் இடது வலது இணைப்பைப் பெருக்கியிலிருந்து துண்டித்துவிட்டு நம் வயர்களை அங்கே கொண்டு சேர்ப்பது. ஓட்டில் துளை வேண்டாம், அழகு குலையாது. ஆனால் பிறகு அந்தத் துளையில் ஹெட்ஃபோன் மாட்டினால் சத்தம் மிகவும் சன்னமாகத்தான் கேட்கும், காரணம் பெருக்கி நடுவில் இல்லை. பேருந்தில் உட்கார்ந்து பாட்டுப் போடுகிறவர் பழைய துளையை அப்படியே விட்டுவிட்டுத் தனித் துளை போடுவதே நல்லது.

வேலை முடிந்தும் முனகல் இருக்கிறதா? பவர் அடாப்டரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டுங்கள். முனகல் போய்விட்டால் அது மிக்ஸருக்கும் அடாப்டருக்கும் இடையிலான கிரவுண்ட் சுற்று; பெட்டியின் குற்றம் அல்ல. நான்கு ஏஏ நிக்கல் செல்கள் 4.8 வோல்ட்தான் தரும் என்றாலும் பெட்டி தாராளமாக ஓடும்.

வெளிச்சம்

பழைய திரைக்கு விளக்கு வைக்கக் கண்ணாடியின் பின்னால் ஒட்டியிருக்கும் வெள்ளித் தாளை உரிக்க வேண்டும். மூலையில் பிளேடு நுனியால் தூக்கி, திரைக்குக் கிட்டத்தட்டத் தட்டையாகவே இழுத்துக்கொண்டு வர வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் கண்ணாடியின் மூலை விண்டுபோகும். ஒட்டிய பசையை ஆல்கஹாலில் ஊறிய துணியை மேலே போட்டுச் சில நிமிடம் விட்டுப் பிறகு துடையுங்கள். உரித்த தாளோடு துருவப் படலமும் போய்விடுவதால் புதுப் படலமும் விளக்குத் தகடும் அங்கே வைக்கிறோம். படலத்தை 90 பாகை திருப்பினால் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். அப்படித் திருப்பிவிட்டு, திரைக்குப் போகும் இரண்டு தரவு வயர்களையும் 7404 இன்வெர்ட்டர் சிப் வழியாகத் தலைகீழாக்கினால் படம் மறுபடி நேராகும், கூடவே கான்ட்ராஸ்ட் கண்கூடாக உயரும். இதற்கு பைவெர்ட் என்று பெயர். 7404 எங்கும் கிடைக்கும் சாதாரணச் சிப்; சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள்.

பழைய திரைக்குப் பதிலாக வைக்கும் நவீன ஐபிஎஸ் திரைக் கிட்டுகள் சால்டர் கூட அதிகம் இல்லாமல் பொருந்திவிடும், படமும் அருமை. இசைக்கு மட்டும் யோசியுங்கள். கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும், அதன் ஓட்டுநர் சுற்றின் கீச்சொலி ஒலிப் பாதையில் ஏறும் வாய்ப்பும் உண்டு. எல்எஸ்டிஜேயின் திரை முழுக்க எழுத்தும் எண்ணும்தான். பைவெர்ட் செய்த பழைய திரையில் அவை இருட்டு மேடையிலும் தெளிவாகத் தெரியும். ஆகவே பாட்டுப் பெட்டிக்கு எங்கள் வாக்கு பைவெர்ட்டுக்கே.

கார்ட்ரிட்ஜும் சேமிப்பும்

எல்எஸ்டிஜேக்கு 128 கிலோபைட் சேமிப்பு உள்ள கார்ட்ரிட்ஜ் வேண்டும். 32 கிலோபைட் மட்டும் உள்ள மலிவு கார்ட்ரிட்ஜில் ஒரே ஒரு பாட்டுதான் இருக்கும், கோப்பாகச் சேமிக்க முடியாது. எஸ்டி கார்டு வகையான எவர்டிரைவ் வசதியானது. கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டுப் பிரதி எடுப்பது ஒரு நிமிட வேலை. பொத்தான் பேட்டரி வகையில் பேட்டரி இறந்தால் பாட்டும் போய்விடும். ஜிபிஎக்ஸ்கார்ட் போன்ற யூஎஸ்பி கருவி வைத்து வாரம் ஒருமுறை பிரதி எடுக்காமல் அதை நம்பாதீர்கள். எந்த வகையாக இருந்தாலும், பெட்டி ஓடும்போது கார்ட்ரிட்ஜ் அசைந்தால் சேமிப்பு சிதையலாம். துளையின் பற்களை ஆல்கஹாலால் துடைத்து வையுங்கள். விளக்கு மங்கத் தொடங்கிய பேட்டரியோடு 'சேவ்' அழுத்தாதீர்கள். முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

மற்ற கருவிகளோடு சேர்ப்பது

டிமதி லேம் உருவாக்கிய ஆர்டுயினோபாய், ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையையும் ஒரு 6என்138 ஆப்டோகப்ளரையும் சில ரெசிஸ்டர்களையும் வைத்து, மின்னணு இசைக்கருவிகள் தமக்குள் பேசும் மொழியான மிடியையும் கேம் பாயின் இணைப்புத் துளையையும் பேச வைக்கிறது. ப்ராஜெக்ட் திரையில் சிங்க்கை (ஒத்திசைவை) மிடி என்று வைத்து ஸ்டார்ட் அழுத்தினால் எல்எஸ்டிஜே காத்திருக்கும். எஜமான் கருவி ஓடத் தொடங்கியதும் கூடவே ஓடும். ஸ்டார்ட் அழுத்த மறந்துவிட்டு வயரைச் சந்தேகிப்பது வழக்கமான தவறு. அவரே எழுதிய எம்ஜிபி மென்பொருளை ஏற்றினால் கேம் பாய் வெறும் ஒலிப் பெட்டியாகும்: மிடி சேனல் 1 முதல் 4 வரை நான்கு குரல்களுக்கு, 5 பல குரல்கள் சேர்ந்து ஒலிக்கும் பாலி நிலைக்கு. வயர் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். 1989 பெட்டியின் இணைப்புத் துளை பெரியது. பின்னால் வந்த கேம் பாய் பாக்கெட், கலர் இரண்டிலும் சிறியது. ஒன்றின் பிளக் மற்றொன்றில் நுழையாது.

எந்தப் பெட்டி என்ற கேள்விக்கு: அடிநாதமும் தடிமனும் வேண்டுமென்றால் பழைய சாம்பல் பெட்டி. இரைச்சல் குறைவாக, செயலி சளைக்காமல் வேண்டுமென்றால் கலர். கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியில் ஹெட்ஃபோன் துளையே கிடையாது, அதை இசைக்காக வாங்காதீர்கள். எண்களும் அடுக்குகளும் ஒத்துவராதவருக்கு ஜெர்மனியின் ஆலிவர் விட்ஷோ 1998-இல் தொடங்கிய நானோலூப் இருக்கிறது. 16 கட்டங்கள், கண் முன்னே மாறும் ஒலி, உடனே கைக்கு வரும். முழு நீளப் பாட்டைக் கட்டி எழுப்ப மட்டும் எல்எஸ்டிஜே அளவுக்கு இடம் கொடுக்காது.

கடைசியாக, பெட்டியின் கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டலுக்குப் பதில், துடிப்பைத் திருகி மாற்ற விடும் எல்டிசி1799 சிப் வைத்துப் பெட்டியின் வேகத்தையே திருகும் மாற்றம். 5 வோல்ட்டில், டிவ் காலைக் கிரவுண்டில் கட்டி, 24 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஏறத்தாழ 4.17 மெகாஹெர்ட்ஸ் வரும். பழைய வேகத்துக்கு மிக அருகில். 12 கிலோ ஓம் நிலையான ரெசிஸ்டரோடு 50 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரைத் தொடராக வைத்தால் 1.6-லிருந்து 8.3 வரை திருகலாம். சிப்பின் காலடியிலேயே 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் கட்டாயம், இல்லாவிட்டால் பெட்டி திக்கும். டேப்பை இழுத்தது போல ஒலி வழுக்கி இறங்குவது கேட்க அற்புதம்தான். ஆனால் சுருதி, டெம்போ இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதால் இரண்டும் சேர்ந்தே மாறும், மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது சுருதி நிற்காது. மேல் எல்லைக்குப் போனால் பெட்டி உறையும். உறைந்த தருணத்தில் கார்ட்ரிட்ஜில் எழுதிக்கொண்டிருந்தால் பாட்டும் சேர்ந்து போகும். பழைய கிரிஸ்டலுக்குத் திரும்ப ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள், சேமிக்கும் முன் அதைத் தட்டிவிடுங்கள்.